கண்ணாடி மனிதன் ஓடிய நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

2025 ஏப்ரலில் ரோட்டர்டாம் மாரத்தான் ஓடியவர்களில் முன்னாள் டச்சுக் கால்பந்து வீரர் ஆர்யன் ராபனும் ஒருவர். 41 வயதில் 2 மணி 58 நிமிடங்களில் ஓடி முடித்திருந்தார். அதே ஊரில் 2022இல் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 3 மணி 13 நிமிடம். செய்தியைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஐரோப்பியப் பத்திரிகைகள் இருபது வயதிலேயே ‘கண்ணாடி மனிதன்’ என்று பெயர் சூட்டிய ஆள் இவர். தொட்டால் உடைவார், மழைக்காலம் வந்தால் மருத்துவமனையில் இருப்பார் என்று எழுதினார்கள். அந்தக் கால்கள்தான் 42 கிலோமீட்டர் தாங்கியிருக்கின்றன. உடனே அக்கா மகனுக்கு அந்தச் செய்தியை அனுப்பினேன். பத்தொன்பது வயது, கல்லூரிக் கால்பந்து அணியில் இடது விங்கர், கோட்டோரம் ஓடித் தாக்குபவன். ராபனைப் பழைய வீடியோக்களில் மட்டுமே பார்த்தவன். அரைமணி நேரம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: “அப்படியானால் மாமா, அவர் ஏன் பாதி ஆட்டங்களுக்கு வரவே இல்லை?”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவன் கேலிக்காகக் கேட்கவில்லை என்பதும் தெரியும். அந்த வாரம் அவனே தொடையின் பின்தசை இழுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான், ஓர் ஆண்டுக்குள் இரண்டாவது முறையாக. அவனுடைய பயிற்சியாளர் மற்றவர்கள் எதிரிலேயே அவனுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார் என்பதை அக்கா பிறகுதான் சொன்னார்.

எனக்கு இதில் வேறொரு உறுத்தலும் உண்டு. 2015 ஏப்ரல் இறுதியில் ஜெர்மன் கோப்பை அரையிறுதியில் ராபனின் கிளப்பான பேயர்ன் மியூனிக்கும் டார்ட்மண்டும் மோதின. நம் ஊரில் நள்ளிரவு. வயிற்றுத் தசை கிழிந்து ஒரு மாதத்துக்கு மேல் வெளியே இருந்த ராபன், இரண்டாம் பாதியின் நடுவில் மாற்று ஆட்டக்காரராக வந்தார். பதினாறே நிமிடங்கள். கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார், அந்தப் பருவமே முடிந்தது. தொலைக்காட்சி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்த நான் அப்போது வாய்விட்டுச் சொன்ன சொல் ‘கண்ணாடி’. அவரைப் பத்து ஆண்டுகளாக நேசித்துப் பார்த்தவன் நான். எனக்கே அந்தச் சொல்தான் முதலில் வந்தது. அதனால் இந்தப் பதிலை மருமகனுக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் மாரத்தானை ஒதுக்கி வைக்க வேண்டும். அதை ஆதாரமாக நீட்டியது என் அவசரம். மூன்று மணி நேரத்துக்குள் மாரத்தான் ஓடுவது என்பது மணிக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வேகத்தை விடாமல் பிடித்துக்கொள்வது. நுரையீரலுக்கும் மனதுக்கும் அது கடும் சோதனை. பின்தொடைத் தசையை அதன் எல்லைவரை இழுக்கும் வேலை அல்ல. 2014 உலகக் கோப்பையில் ஸ்பெயினை 5-1 என்று நெதர்லாந்து உடைத்த ஆட்டத்தில், செர்கியோ ராமோஸைத் தாண்டி ராபன் பாய்ந்த ஓட்டம் மணிக்கு 37 கிலோமீட்டர் என்று செய்திகளில் வந்தது. பின்தொடைத் தசை கிழிவது அந்த வேகத்தில்தான். கால் முன்னால் வீசப்பட்டு, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், நீண்டுகொண்டே போகும் தசை அந்த வீச்சுக்குக் கடிவாளம் போட வேண்டும். அந்தக் கணத்தில் நார்கள் அறுகின்றன. ஆகவே 41 வயதின் மாரத்தான், 26 வயதின் தசையைப் பற்றி எதையும் நிரூபிக்கவில்லை. மருமகன் கேட்டது சரியான கேள்வி.

எண்களும் அவன் பக்கம்தான் சாய்கின்றன. பேயர்னில் பத்துப் பருவங்கள் இருந்தார் ராபன். பருவத்துக்கு 34 என்று மொத்தம் 340 லீக் ஆட்டங்கள். அவர் ஆடியவை 201. அதிகபட்சமாக 2013-14இல் 28. கடைசிப் பருவத்தில் 12. அதே பத்துப் பருவங்களில் அவருடைய அணித்தோழர் தாமஸ் முல்லர் ஆடியது முந்நூறுக்கும் மேல். அதற்கு முன் இங்கிலாந்தின் செல்சியில் மூன்று பருவங்கள், 114 லீக் ஆட்டங்கள் நடந்தன. அவர் ஆடியவை 67. ஓய்வும் தடையும் பெஞ்சும் இதில் கலந்திருக்கின்றன என்றாலும், பெரும்பகுதி காயம்தான். அதை மறுத்துப் பேசினால் நான் நேர்மையாக எழுதுகிறவன் ஆகமாட்டேன்.

ஆனால் ஒரு மனிதன் எத்தனை ஆட்டங்களைத் தவறவிட்டான் என்பது ஒரு கணக்கு. அவன் உடம்பு உடையும் உடம்பு என்பது தீர்ப்பு. கணக்கிலிருந்து தீர்ப்புக்குப் போகும் வழியில் யாரும் நின்று ஒவ்வொரு காயமாக எடுத்துப் பார்ப்பதில்லை. நான் எடுத்துப் பார்த்தேன்.

பிறர் பூட்ஸ்

அந்தப் பெயர் பிறந்த காலத்துக்குப் போவோம். 2004 கோடையில் இருபது வயது ராபன் டச்சுக் கிளப்பான பிஎஸ்வியிலிருந்து செல்சிக்கு வந்தார். பருவம் தொடங்குவதற்கு முன்பே, அமெரிக்காவில் ரோமாவுடன் நடந்த ஒரு நட்பு ஆட்டத்தில் ஒலிவியே தக்கூர் காலில் பாய்ந்ததில் பாத எலும்பு முறிந்தது. குளிர்காலத்துக்குள் திரும்பி வந்து, பயிற்சியாளர் மொரின்யோவின் அணியை வேறொரு அணியாக மாற்றினார். 2005 பிப்ரவரி தொடக்கத்தில் பிளாக்பர்ன் மைதானத்தில் ஐந்தாவது நிமிடத்தில் கோல் அடித்தார். சில நிமிடங்களில் ஆரோன் மொக்கோயெனாவின் பாய்ச்சல், மறுபடியும் பாதம். லிவர்பூலுடனான லீக் கோப்பை இறுதி, பார்சலோனாவுடனான சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் எல்லாம் அவர் இல்லாமல் நடந்தன.

இரண்டுமே எலும்பு முறிவுகள். இரண்டுமே வேறொருவர் பூட்ஸ் செய்த வேலை. இதில் அவர் உடம்பின் குறை எங்கே இருக்கிறது? அந்தக் காலடிகளை வேறு எந்தப் பாதத்தில் வைத்திருந்தாலும் அது முறிந்திருக்கும். ஆனாலும் பெயர் அவருக்குத்தான் விழுந்தது. 2013 டிசம்பரில் அவுக்ஸ்பர்க்குக்கு எதிரான கோப்பை ஆட்டத்தில் எதிரணிக் கோல்கீப்பர் மார்வின் ஹிட்ஸ் பாய்ந்து வந்ததில் ராபனின் முழங்கால் பிளந்தது. அந்த மாதம் மொராக்கோவில் நடந்த கிளப் உலகக் கோப்பையும் போயிற்று. அதுவும் ‘மறுபடி ராபனுக்குக் காயம்’ என்ற அதே தலைப்பின் கீழ்தான் வந்தது. மோதியவர் பெயர் அடுத்த நாளே மறந்துவிடும். மோதப்பட்டவர் பெயர் பட்டியலில் ஏறிவிடும்.

ஏன் இவரையே மோதினார்கள் என்பதற்குப் பதில் அவர் ஆட்டத்திலேயே இருக்கிறது. முல்லர் பந்து வருவதற்கு முன்பே காலியிடத்தைக் கண்டுபிடித்து அங்கே போய் நின்றுவிடுகிறவர். பந்து தொட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும், தடுப்பவர் நெருங்கவே நேரம் இருக்காது. ராபன் நேரெதிர். பந்தை வாங்கிக்கொண்டு வலது கோட்டோரம் நிற்பார். தடுப்பவர் முன்னால் வந்து நிற்கும்வரை காத்திருப்பார். பிறகு பந்தைச் சின்னச் சின்னத் தொடுகைகளால் உள்நோக்கித் தள்ளி, நின்று, மறுபடி வெடித்து, இடது காலால் தூர மூலைக்கு அடிப்பார். என்ன செய்யப்போகிறார் என்று அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாமல் போகும் ஒருவன் என்ன செய்வான்? காலை நீட்டுவான். அந்த ஆட்டத்தின் விலையை ராபன் ஒவ்வொரு வாரமும் தன் காலில் கட்டினார். நின்று வெடிக்கும் அந்த ஒவ்வொரு முறையும் தொடையும் கவட்டையும் கெண்டையும் வாங்கிக்கொள்ளும் சுமை தனி.

அதனால்தான் தசைக் காயங்களைப் பற்றிப் பேசும்போது எனக்குச் சற்றுத் தயக்கம். அவை அவருக்கு நிறைய வந்தன. கிழிந்த தசை மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம் என்பதும், முந்தைய காயமே அடுத்த காயத்துக்கான மிகப் பெரிய காரணம் என்பதும் விளையாட்டு மருத்துவத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. தொழில்முறைக் கால்பந்தில் தசைக் காயங்களில் முதலிடம் பின்தொடைக்குத்தான். யான் எக்ஸ்ட்ராண்ட் தலைமையில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவின் கிளப்புகளில் 2001 முதல் நடந்துவரும் ஆய்வு, அந்தக் காயங்கள் ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம் என்று கூடிக்கொண்டே வந்ததை 2016இல் காட்டியது. ஒருவருக்குப் பலமுறை வருகிறது என்றால் முதல் கிழிசல் எப்படி ஆறியது, யார் ஆறவிட்டார்கள், யார் விடவில்லை என்று கேட்க வேண்டும். ராபனின் வாழ்க்கையில் அந்தக் கேள்வியின் நடுமையம் 2010 கோடை.

2010, அந்த ஐந்து வாரங்கள்

அந்த ஆண்டு அவருடைய ஆண்டு. ரியல் மாட்ரிட் வேண்டாம் என்று அனுப்பிவிட்டிருந்தது. 2009 ஆகஸ்ட் இறுதியில் பேயர்னுக்கு வந்து, மறுநாளே வோல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி இரண்டு கோல் அடித்தார். மார்ச்சில் ஃபியோரென்டினாவை, ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட்டை அவர் அடித்த கோல்கள் வெளியேற்றின. 16 லீக் கோல்கள், ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த வீரர் பட்டம். மே 22 அன்று பெர்னபேயுவில் இன்டர் மிலானிடம் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் தோற்றார்கள். அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஜூன் 5 அன்று, உலகக் கோப்பைக்குப் புறப்படுவதற்கு முந்தைய கடைசி நட்பு ஆட்டம். ஆம்ஸ்டர்டாமில் ஹங்கேரிக்கு எதிராக 6-1. வெற்றி எப்போதோ உறுதியாகிவிட்டிருந்தது. கடைசி நிமிடங்களில் குதிகாலால் ஒரு பந்தைத் தட்ட முயன்றார் ராபன். இடது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அணி தென்னாப்பிரிக்கா போயிற்று. அவர் நெதர்லாந்திலேயே தங்கிச் சிகிச்சை எடுத்துக்கொண்டு பிறகு போய்ச் சேர்ந்தார். டென்மார்க், ஜப்பான் ஆட்டங்களில் இல்லை. ஜூன் 24 அன்று, காயம்பட்டு பத்தொன்பதாவது நாள், கேமரூனுக்கு எதிராக இரண்டாம் பாதியில் களத்துக்கு வந்தார். வந்த சில நிமிடங்களில் அவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்ப, ஹுன்டெலார் அதைக் கோலாக்கினார். ஸ்லோவாக்கியாவுக்கு எதிராகக் கோல். உருகுவேக்கு எதிரான அரையிறுதியில் தலையால் ஒரு கோல். நாங்களெல்லாம் அதிசயம் என்றோம்.

ஸ்பெயினுடனான இறுதி ஆட்டம் நம் நேரப்படி ஜூலை 12 பிறக்கும் நள்ளிரவில் தொடங்கியது. 62ஆவது நிமிடத்தில் ஸ்னைடர் நடுவில் பிளந்து கொடுத்த பந்து. ராபனுக்கு முன்னால் ஸ்பெயின் கோல்கீப்பர் கசியாஸ் மட்டும். அரங்கமே மூச்சுவிடவில்லை. கசியாஸ் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார், ஆனால் பின்தங்கிய வலது பாதத்தின் நுனி பந்தில் பட்டுவிட்டது. 83ஆவது நிமிடத்தில் மறுபடி. இந்த முறை தடுப்பாட்டக்காரர் புயோல் பக்கத்தில் ஓடுகிறார், தோளைச் சுற்றிக் கையைப் போட்டு இழுக்கிறார். அந்த இழுப்புக்கு விழுந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ராபன் விழவில்லை. இழுப்பையும் உதறிக்கொண்டு புயோலைத் தாண்டி ஓடினார். கசியாஸ் முன்வந்து பந்தைக் கவிழ்ந்து பிடித்துவிட்டார். நடுவரிடம் முறையிட்டதற்கு ராபனுக்கு மஞ்சள் அட்டைதான் கிடைத்தது. 116ஆவது நிமிடத்தில் ஸ்பெயினின் இனியெஸ்டா கோல் அடித்தார். அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ராபன் மியூனிக் திரும்பியதும் பேயர்ன் மருத்துவர் ஹான்ஸ்-வில்ஹெல்ம் முல்லர்-வோல்ஃபார்ட் அந்தத் தொடையைப் பரிசோதித்தார். தசை கிழிந்தே இருந்தது. ஆறவில்லை, ஆறுவதற்குள் விளையாட வைத்துவிட்டார்கள் என்று கிளப் கொதித்தது. டச்சுக் கால்பந்துச் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. பேயர்ன் நிர்வாகத் தலைவர் ரும்மெனிகெ இழப்பீடு கேட்டார். மாதக்கணக்கில் இழுபறி. ராபன் மறுபடி களத்துக்கு வந்தது 2011 ஜனவரியில். அந்தப் பருவத்தில் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 14.

இந்த இடத்தில்தான் என் மனம் மாறியது. பேயர்ன் மருத்துவர் சொன்னது சரியென்றால், புயோலைத் தாண்டிய அந்த ஓட்டம் முழுசாக இல்லாத ஒரு காலில் ஓடியது. உலகிலேயே உறுதியான தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் தோளைப் பிடித்துத் தொங்க, கிழிந்த தொடையோடு அவரை முந்தியவன் கண்ணாடியா? அந்த 2010-11 பருவத்தின் இருபது ஆட்டங்கள் இன்றும் ராபன் உடம்பின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு நாட்டின் உலகக் கோப்பை ஆசை, ஒரு நட்பு ஆட்டத்தின் தேவையற்ற கடைசி நிமிடங்கள், பத்தொன்பது நாள் அவசரம், ஆடியே தீர வேண்டும் என்ற அவருடைய சொந்தப் பிடிவாதம் என்று இவ்வளவும் சேர்ந்து வாங்கிய கடன் அது. அந்தப் பிடிவாதத்தை நான் விட்டுவிடவில்லை. 26 வயதில் உலகக் கோப்பை வாசலில் நிற்பவனிடம் ஆறு வாரம் படுத்திரு என்று சொல்லிக் கேட்கவைக்க யாரால் முடியும்? ஆனால் பெரியவர்கள் என்று சிலர் அங்கே இருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லும் வேலை அவர்களுடையது.

இழப்பீடு கடைசியில் எப்படி வந்தது தெரியுமா? பணமாக அல்ல, இன்னோர் ஆட்டமாக. 2012 மே 22 அன்று மியூனிக்கில் பேயர்னும் நெதர்லாந்தும் நட்பு ஆட்டம் ஆடின. அதற்கு மூன்று நாள் முன்புதான் அதே அரங்கத்தில் செல்சியிடம் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பேயர்ன் தோற்றிருந்தது. கூடுதல் நேரத்தில் ராபன் அடித்த பெனால்டியைச் செல்சி கோல்கீப்பர் செக் தடுத்துவிட்டார். தன் காயத்துக்கு ஈடாக நடத்தப்பட்ட ஆட்டத்தில், நெதர்லாந்து சட்டையில் ராபன் பந்தைத் தொட்டபோதெல்லாம் சொந்தக் கிளப்பின் ரசிகர்கள் சீட்டியடித்து இழிவுபடுத்தினார்கள். அந்த இரவை நினைக்கும்போது இப்போதும் கோபம் வருகிறது. காயம் அவருடையது, ஈடு கிளப்புக்கு, அவமானம் மறுபடி அவருக்கு.

க்ரூஸ் வெளியேறிய நிமிடம்

அடுத்த பருவத்தில் ராபன் பேயர்ன் பயிற்சியாளர் ஹெய்ன்கெஸின் முதல் பதினொருவரில் நிச்சயமில்லை. முல்லர் வலது ஓரத்துக்குப் போக, நடுவில் டோனி க்ரூஸ் ஆடினார். 2013 ஏப்ரல் 2, ஜுவென்டஸுடன் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே க்ரூஸுக்குத் தொடை இடுக்கில் தசை கிழிந்தது. பதினாறாவது நிமிடத்தில் அவருக்குப் பதிலாக ராபன். அங்கிருந்து பார்சலோனாவுக்கு எதிராக இரண்டு ஆட்டங்களிலும் கோல். வெம்ப்ளியில் டார்ட்மண்டுக்கு எதிரான இறுதியில், அணித்தோழர் ரிபெரியின் குதிகால் தட்டலுக்குப் பிறகு 89ஆவது நிமிடத்தில் கோலுக்குள் அந்த மெல்லிய உருட்டல். நம் ஊரில் பின்னிரவு இரண்டு மணி. நான் அழுதேன்.

க்ரூஸ் அந்த இறுதியில் ஆடவில்லை. அதற்காக அவரை யாரும் கண்ணாடி என்று சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. ஒரு தசை கிழிந்தது, ஆறியது, திரும்பி வந்தார், அவ்வளவுதான். அதே அளவுதான் ராபனுக்கும் நடந்திருந்தால்கூட அது அவர் குணத்தின் சான்றாகியிருக்கும். ஏனென்றால் பெயர் முன்பே வைக்கப்பட்டுவிட்டது. பெயர் வைத்த பிறகு வரும் ஒவ்வொரு காயமும் அதற்குச் சாட்சி சொல்ல வந்துவிடுகிறது. வராத வாரங்களை யார் எண்ணுகிறார்கள்?

அப்படியானால் அந்தப் பெயர் நியாயமா என்று கேட்டால், என் பதில் இப்போது இதுதான். அடிக்கடி காயம்பட்டவர் என்பது உண்மை. எளிதில் காயம்படுகிறவர் என்பதற்கு நான் தேடியவரை ஆதாரம் பாதிதான் இருக்கிறது; மீதிப் பாதியில் பிறர் கால்களும் பிறர் அவசரமும் இருக்கின்றன. இருபது வயதில் பாதம் முறிந்தவர் 35 வயதுவரை பேயர்னில் விங்கராக நீடித்தார். எட்டு லீக் பட்டங்கள். 2019 மே மாதம், சொந்த அரங்கில் நடந்த கடைசி லீக் ஆட்டத்தில் ரிபெரியும் அவரும் மாற்று ஆட்டக்காரர்களாக வந்து ஆளுக்கொரு கோல் அடித்துவிட்டுப் போனார்கள். அந்த வேகத்தையே மூலதனமாக வைத்த ஓர் ஆட்டக்காரர் அந்த வயதுவரை நின்றதை விளக்க, உடையும் உடம்பு என்ற சொல் உதவாது. 2020இல் சொந்த மண்ணின் கிளப்பான குரோனிங்கனுக்கு உதவ ஓய்வை விட்டுத் திரும்பி வந்தார். முதல் லீக் ஆட்டத்திலேயே அரைமணி நேரத்தில் காயம். பல மாதங்கள் உழைத்து மறுபடி வந்து, 2021 மே மாதம் எம்மனுக்கு எதிராக இரண்டு கோல்களுக்குப் பந்து கொடுத்தார். அப்போது வயது 37.

இதையெல்லாம் மருமகனுக்கு அன்றிரவே போனில் சொல்ல முயன்றேன். புயோல் ஓட்டம்வரை கேட்டான். பிறகு, “பத்தொன்பது நாளில் இறங்காமல் ஆறு வாரம் இருந்திருந்தால்?” என்று கேட்டான். இறுதி ஆட்டத்தில் அவர் இருந்திருக்க மாட்டார் என்றேன். சற்று நேரம் பேசவில்லை. அவனுக்குச் சனிக்கிழமை ஓர் ஆட்டம் இருந்தது, காயம்பட்டு மூன்றாவது வாரம். வலி போய்விட்டது என்று பயிற்சியாளரிடம் சொல்லி வைத்திருந்தான். உண்மையில் படி இறங்கும்போது இன்னும் இழுக்கிறது என்பதை அப்போதுதான் என்னிடம் சொன்னான். சொன்னால் மறுபடி அந்தப் பெயரைச் சொல்வார்களே என்றான்.

சனிக்கிழமை அவன் ஆடவில்லை. வெளியே உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்ததாக அக்கா சொன்னார். அணி தோற்றுவிட்டது. இரவு எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: வெம்ப்ளி கோலின் வீடியோ, அதன் கீழே ‘ஐந்தாவது வாரம்தான் ஓடச் சொல்லியிருக்கிறார்கள், மாமா’ என்று.